இரண்டு ஊசியோடு நின்ற கை

என் அக்காவின் வலது கையைக் கெடுத்தது மெஷின் என்றுதான் எங்கள் தெருவில் இன்றைக்கும் சொல்கிறார்கள். மெஷின் பாதிதான் கெடுத்தது. மீதியை நாங்கள் வீட்டில் வைத்தே கெடுத்தோம், அதில் பெரிய பங்கு என்னுடையது. இதைப் பற்றி யாரும் என்னிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஏதாவது பொய்யைச் சொல்லித் தப்பித்திருப்பேன். கேட்காததால் எழுதுகிறேன்.

எண்பதுகளின் கடைசி அது. ராஜபாளையத்தில் நாங்கள் பேண்டேஜ் குடும்பம். அப்பா ஒரு பேண்டேஜ் கம்பெனியில் மேஸ்திரி. நான் எட்டாவது படிக்கும்போதே அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். அக்காவும் நானும் பள்ளிக்கூடம் முடித்த கையோடு அதே கம்பெனிக்குள் போனோம். அக்கா கட்டிங் மெஷினில், நான் சுருட்டிப் பொட்டலம் போடுகிற பக்கம். எங்கள் வீட்டில் பால் வடிகட்டுவது, அடுப்பிலிருந்து சட்டி இறக்குவது, ஜன்னலில் தொங்குவது எல்லாமே கம்பெனியில் கழித்துப் போட்ட பேண்டேஜ் துணிதான். காலில் முள் குத்தினால் கணுக்கால் வரைக்கும் கட்டுப் போடுகிற ஆட்கள் நாங்கள். எதற்கும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் பாதி சரியாகிவிட்டது என்று நம்பினோம். நான் கட்டுகிற கட்டு தெருவிலேயே பேர்பெற்றது. மடிப்பு விழாது, நழுவாது, முடிச்சு வெளியே தெரியாது.

கட்டிங் மெஷினில் ஒரு வட்ட பிளேடு இருக்கும். நீளமாகச் சுருட்டிய துணியை அதில் கொடுத்தால் வெள்ளரிக்காய் நறுக்குவதுபோல வில்லை வில்லையாக விழும். சுவிட்சை அணைத்த பிறகும் அந்த பிளேடு கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும். இது கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும், அக்காவுக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். அன்றைக்குச் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது, அவளுக்குப் பசி, பிளேடு ஓரம் சிக்கியிருந்த பிசிறை இழுத்தாள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் உள்ளங்கையில் தொடங்குகிற இடத்தில் நேராக ஒரே வெட்டு. அவள் கத்தவில்லை. விழுந்து கிடந்த வில்லைகளை அள்ளிக் கையில் அழுத்திக்கொண்டு, "ஏட்டி, அப்பாவக் கூப்பிடு" என்றாள், ஏதோ அடுப்பில் பால் பொங்குகிறது என்பதைப்போல.

மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் தைத்தார்கள். மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். அதைப் பிரித்தபோது காயம் அழகாக ஆறியிருந்தது. விரல் இரண்டும் மட்டும் அசையவில்லை. லேசாக வளைந்தபடி, எதையோ எடுக்கப் போய் பாதியில் மறந்துவிட்டவை மாதிரி அப்படியே நின்றன. அவள் சோறு பிசைந்தால் மூன்று விரலால் பிசைந்தாள். தலை வாரினால் சீப்பு விழுந்தது. கம்பெனியில் அவளைக் கட்டிங்கிலிருந்து எடுத்து, இடது கையால் லேபிள் ஒட்டச் சொன்னார்கள். ஒவ்வொரு லேபிளும் கோணலாக ஒட்டியிருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து நான்தான் உரித்து மறுபடி ஒட்டுவேன். எரிச்சலாக வரும். சாயங்காலம் வீட்டுக்கு வந்தும் அவளுக்கு ஜடை நான்தான் போட வேண்டும். வேண்டுமென்றே ஒரு இழு இழுத்துப் பின்னுவேன்.

யாரோ சொல்லி வில்லிபுத்தூருக்குப் போனோம். அங்கே ஒரு நர்சிங் ஹோமுக்கு மதுரையிலிருந்து வியாழக்கிழமைதோறும் கை டாக்டர் ஒருவர் வந்துகொண்டிருந்தார். சின்ன வயது. அக்காவின் கையைத் தன் கையில் வைத்து, ஒவ்வொரு விரலாக மடக்கிப் பார்த்தார். ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை எடுத்து, விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று அளந்து எழுதிக்கொண்டார்.

"நரம்பு செத்துப்போச்சுன்னு சொன்னாங்க, டாக்டர்" என்றேன் நான்.

"நரம்பு சாகல. விரலை இழுக்கிற தசைநாண்னு ஒண்ணு இருக்கு, கயிறு மாதிரி. அது ஒரு குழாய்க்குள்ள வழுக்கிக்கிட்டுப் போகணும். காயம் ஆறும்போது தழும்பு விழுந்து, கயிறும் குழாயும் ஒட்டிக்கிச்சு. கயிறு நல்லா இருக்கு, ஓட இடம் இல்ல. அவ்வளவுதான்."

அதற்கு ஊசி போடலாம் என்றார். என்சைம் ஊசி. அப்படியென்றால் என்னவென்று நாங்கள் விழித்ததைப் பார்த்துவிட்டு, "கறி வேகலேன்னா பப்பாளிக்காய்த் துண்டு ரெண்டு போடுவீங்கள்ல? கறி மெத்துனு ஆயிடும். பப்பாளிப் பால்ல இருக்கிறதும் ஒரு என்சைம்தான். இது வேற சரக்கு, ஆனா வேலை கிட்டத்தட்ட அதே மாதிரி. இறுகினதை இளக்கும்" என்றார். அக்காவின் முகம் வெளிறிவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம், "அக்கா கையில கறி வேக வைக்கப் போறாக" என்று சொன்னேன். அவரும் சிரித்தார். அன்றையிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் கரைக்கிற ஊசி.

வாரம் ஒன்றாக நாலைந்து ஊசி, எல்லோருக்கும் கேட்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன் என்றும் சொன்னார். மருந்தை அவரே மதுரையிலிருந்து ஐஸ் போட்ட பிளாஸ்கில் கொண்டுவருவார். சின்னக் கண்ணாடிக் குப்பியில் வெள்ளைப் பொடி. அதில் தண்ணீர் மருந்தும் மரத்துப்போகிற மருந்தும் கலந்து, தழும்பைச் சுற்றி நாலு இடத்தில் குத்தினார். கொஞ்ச நேரம் கழித்து அக்காவின் விரலைப் பிடித்து அழுத்தி மடக்கினார். மரத்துப்போயிருந்தும் அவள் அலறினாள். அவர் நிறுத்தவில்லை. முகத்தில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. பூட்டுத் திறக்கிறவர் மாதிரி தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்கதானே தங்கச்சி? இங்க வாங்க, பிடிங்க. இப்படி. ஊசி இளக்கித்தான் விடும், அசைக்கிறது நீங்க. தினமும் இருபது தடவை மடக்கணும், நீட்டணும். அழுவாங்க. அழட்டும். ஒரு விஷயம் மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. கட்டுப் போடாதீங்க. ராஜபாளையத்துக்காரங்களுக்கு இதை ரெண்டு தடவை சொல்லணும். இளகினதை ஆடாம வச்சுக் கட்டினா, இருக்கிற இடத்திலேயே மறுபடி பிடிச்சுக்கும். முன்னவிட மோசமா பிடிக்கும்."

இரண்டு தடவைதான் சொன்னார். நான் இரண்டு தடவையும் கேட்டேன். அப்பா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

வீட்டில் விரலை மடக்குவதற்கு ஒரு நேரம் பார்த்தோம். அக்கா போடுகிற சத்தம் தெருவுக்குக் கேட்டால் ஆளாளுக்கு வந்து விசாரிப்பார்கள். விடியற்காலையில் தெருக் குழாயில் தண்ணீர் வரும். தமிழிலும் தெலுங்கிலும் பெண்கள் குடத்துக்குச் சண்டை போடுகிற அந்த ஒரு மணி நேரம் எங்கள் வீட்டுக்குள் கொலையே நடந்தாலும் வெளியே தெரியாது. அப்பா குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாய்க்குப் போவார். ஆம்பிளை தண்ணி பிடிக்க வந்திருக்கு என்று தெருவே கேலி செய்யும். நான் அக்காவின் மணிக்கட்டைத் தரையில் முழங்காலால் அழுத்தி வைத்துக்கொண்டு விரலை மடக்குவேன். வாயில் துணியைக் கடித்துக்கொள்வாள். கம்பெனித் துணிதான்.

அவள் அழுவது எனக்குக் கொஞ்சம் பிடித்திருந்தது. எழுதிவிட்டேன், இதை அடிக்கப் போவதில்லை. அக்கா சிவப்பு, நான் மாநிறம் என்று சொல்லிக்கொள்கிற கறுப்பு. ஊரில் யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும், "மூத்தவளுக்கு அம்மா முகம்" என்பார்கள், என்னைப் பார்த்து ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அப்பா கடையில் பூ வாங்கினால் நீளமான துண்டு அவளுக்குத்தான். இருபது வருஷமாக எனக்கு முன்னால் நடந்தவள் என் முழங்காலுக்குக் கீழே கிடந்து, "போதும் தாயி, விட்ருட்டி" என்று கெஞ்சும்போது, டாக்டர் சொன்னதைவிட இரண்டு தடவை கூடவே மடக்குவேன். அதனால் அவளுக்கு நல்லதுதான் நடந்தது என்பதுதான் வேடிக்கை.

இரண்டாவது ஊசி போட்ட வியாழக்கிழமை டாக்டர் ஸ்கேலை வைத்து அளந்துவிட்டு முதல்முறையாகச் சிரித்தார். விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் இடையே இரண்டு விரல் அகலம்தான் மிச்சம். "தங்கச்சி நல்லா வேலை செய்யுறாங்க" என்றார். மேஜையிலிருந்த கண்ணாடி டம்ளரை எடுக்கச் சொன்னார். அக்கா எடுத்தாள். தண்ணீர் தளும்பியது, ஆனால் டம்ளர் விழவில்லை. ராஜபாளையம் திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் இருந்தது. அவள் உட்காரவில்லை. வலது கையால் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஊர் வந்து சேர்கிற வரைக்கும் நின்றுகொண்டே வந்தாள். எனக்குக்கூட மனசு நிறைந்துபோயிற்று. இன்னும் இரண்டு ஊசி, இவள் மறுபடி ஜடை பின்னுவாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு தரகர் வந்தார். அவரும் எங்கள் தெருதான், அக்கா கை அறுபட்டதும் ஆறியதும் அவருக்குத் தெரியும், விரல் மடங்காதது மட்டும் தெரியாது. வில்லிபுத்தூரில் பையன், கோர்ட்டில் டைப்பிஸ்ட், ஒரே பிள்ளை, சொந்த மாடிவீடு. மூத்தவள் ஜாதகம் ஒன்பது பொருத்தத்தோடு ஒட்டுகிறது, இந்த வாரமே பெண் பார்க்க வருகிறார்கள் என்றார். அவர் வந்தபோது அக்கா உள்ளே இருந்ததால் கையைக் காட்ட வேண்டி வரவில்லை. அவர் போனதும் அப்பா முற்றத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். பிறகு ஒரு பேண்டேஜ் ரோலை எடுத்து வந்து என் மடியில் போட்டார்.

"கட்டு" என்றார்.

"டாக்டர் கட்டக் கூடாதுன்னாருப்பா. இளகியிருக்கிறது திரும்ப ஒட்டிக்கிருமாம்."

"ஏட்டி, டாக்டருக்கா மாப்பிள பாக்கோம்? வெறுங்கையோட உக்காந்தா ரெண்டு விரல் வளையலேன்னு வந்தவுடனே தெரிஞ்சுரும். ஊனம்னுருவாக. கட்டோட உக்காந்தா புண்ணுன்னு நெனப்பாக. புண்ணு ஆறிரும், ஊனம் ஆறுமா? வெந்நி கொட்டிருச்சுன்னு சொல்லுவோம். நாலு நாளைக்குத்தான்."

இந்த யோசனை வேறு ஊரில் ஒருத்தனுக்கும் வந்திருக்காது. எங்களுக்கு அது அவ்வளவு சரியாகப்பட்டது. கட்டு என்றால் பிரிக்கப் போவது என்றுதான் எங்கள் ஊரில் அர்த்தம். அக்காவே கையை நீட்டினாள். "நாலு நாளைக்குத்தான, கட்டுட்டி" என்றாள். நான் கட்டினேன். மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரைக்கும், ஒரு மடிப்புக்கூட விழாமல், அசைய இடமில்லாமல். ஒரு தடவை மறுத்தேன், இரண்டாம் தடவை மறுக்கவில்லை.

அந்த வாரம் அவர்கள் வரவில்லை. பையனின் மாமாவுக்கு உடம்பு சரியில்லையாம். அடுத்த வாரம் நாள் நன்றாக இல்லையாம். ஆனால் எந்த நேரமும் வரலாம் என்று தரகர் சொல்லிக்கொண்டே இருந்தார். தினமும் எங்கள் வாசலைத் தாண்டித்தான் அவர் டீக்கடைக்குப் போவார். அவர் கண்ணில் படக்கூடாது என்று கட்டைப் பிரிக்கவே இல்லை. வியாழக்கிழமை வந்தது. வில்லிபுத்தூருக்குப் போக முடியாது, அது மாப்பிள்ளை ஊர். பஸ் ஸ்டாண்டிலோ நர்சிங் ஹோம் வாசலிலோ அந்த வீட்டு ஆட்கள் யாராவது பார்த்துவிட்டால்? மூன்றாவது ஊசி தள்ளிப்போயிற்று. விடியற்காலையிலாவது கட்டைப் பிரித்து மடக்கியிருக்கலாம். முதல் சில நாள் செய்தோம். பிறகு ஒவ்வொரு நாளும் பிரிப்பது, மடக்குவது, அவள் அழுது முகம் வீங்குவது, மறுபடி கட்டுவது எனக்குச் சலித்துவிட்டது. முகம் வீங்கியிருந்தால் பெண் பார்க்க வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று ஒரு காரணமும் கிடைத்தது. "நாளைக்குப் பாப்பம்க்கா" என்பேன். அவளும் வலிக்குப் பயந்து சரி என்பாள்.

கடைசியில் ஒரு நாள் அவர்கள் வந்தார்கள். பையன், அவன் அம்மா, ஒரு சித்தி. அக்கா பட்டுக் கட்டி, வெள்ளைக் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவளால் தட்டைத் தூக்க முடியாது என்பதால் காபி நான் கொண்டுவந்தேன். அப்பா வெந்நீர்க் கதையைச் சொன்னார். அளவுக்கு மீறி நன்றாகச் சொன்னார், எந்தப் பானை, எந்த அடுப்பு என்பது வரைக்கும். பையனின் அம்மா கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்தியாக் கட்டியிருக்கே, யாரு கட்டுனா?" என்று கேட்டாள்.

"நாந்தான் கட்டுனேன்" என்றேன். என் குரலில் பெருமை இருந்தது.

அவள் என் கையை இழுத்து, திருப்பிப் பார்த்தாள். சந்தையில் முருங்கைக்காயை வளைத்துப் பார்ப்பார்களே, அப்படி ஒவ்வொரு விரலாக மடக்கி நீட்டிப் பார்த்தாள். பையனும் பார்த்தான். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

நாலாம் நாள் தரகர் வந்து, இளையவளைக் கேட்கிறார்கள் என்றார். அப்பா அன்றைக்கு முழுவதும் கத்தினார். தரகரைத் திட்டினார், வில்லிபுத்தூரைத் திட்டினார், செத்துப்போன அம்மாவைக்கூட விடவில்லை. மறுநாள் அமைதியாகிவிட்டார். அதற்கு அடுத்த நாள், "வந்த சம்பந்தத்த ஏன் விடணும், மூத்தவளுக்குக் கை சரியானதும் பாப்போம்" என்றார். என்னிடம் சம்மதமா என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். தலையைக் குனிந்தால் சம்மதம் என்று அர்த்தம் என்பது எனக்குத் தெரியாதா என்ன.

அக்கா சாயங்காலம் அடுப்படிக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கட்டுப் போட்ட கையை என் முன்னால் வைத்தாள்.

"ஒனக்கு அவியளப் பிடிச்சிருக்கா?"

"அப்பா சொன்னா சரிதாங்க்கா."

"சரி. இனிமே என்னைய யாரும் பாக்க வரப்போறதில்லல்ல? இதப் பிரிச்சுரு. இந்த வியாழக்கிழம என்னைய டாக்டர்ட்ட கூட்டிப்போ. இன்னும் ரெண்டு ஊசிதான் இருக்கு."

எவ்வளவு நியாயமான பேச்சு. மாப்பிள்ளையை விட்டுவிட்டாள், பட்டுச்சேலையை விட்டுவிட்டாள், விரலை மட்டும் கேட்டாள். நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னதை வார்த்தை மாறாமல் இங்கே எழுதுகிறேன்.

"அந்த ஊர்ல வச்சு யாராச்சும் பாத்துட்டா என் கல்யாணம் என்னத்துக்கு ஆகும்? வெந்நின்னு சொல்லிருக்கோம். கல்யாணம் முடியுத வரைக்கும் செத்த பொறுத்துக்கோ."

அவள் அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவள் எழுந்துபோய் அரிசி களைந்தாள், இடது கையால்.

இரண்டு மாதம் கழித்துக் கல்யாணம். காலையில் அலங்காரம் செய்ய ஆள் வருவதற்கு முன்னால், புதுத் துணியை எடுத்து அக்காவின் கையை நான்தான் கட்டினேன். புண் பழுத்து ஆறத் தாமதமாகிறது என்று கதையை நீட்டியிருந்தோம். கல்யாணப் போட்டோவில் என் பக்கத்தில் அவள் நிற்கிறாள், வெள்ளையாக ஒரு கை. முகத்தைவிட அந்தக் கைதான் போட்டோவில் பளிச்சென்று விழுந்திருக்கிறது.

கல்யாணத்துக்குப் பிறகும் அது நிற்கவில்லை. மாப்பிள்ளை மறுவீட்டுக்கு வருகிறார், ஆடிக்கு வருகிறார், தலைத் தீபாவளிக்கு வருகிறார். ஒவ்வொரு தடவையும் அப்பா, "இன்னைக்கு மட்டும்" என்பார். அதற்குள் அவளே கட்டிக்கொள்ளப் பழகிவிட்டாள். ஒரு முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு இடது கையால் சுற்றுவாள். தீபாவளிக்குப் போனபோது பார்த்தேன், கோணல்மாணலாகக் கட்டியிருந்தாள். நான் பிரித்து நன்றாகக் கட்டிவிட்டேன். பிரித்தபோது விரல்களைப் பார்த்தேன். கொக்கி மாதிரி உள்ளே வளைந்து, தோல் வெளுத்து இருந்தன. நீட்டிப் பார்த்தேன், வரவில்லை. மடக்கிப் பார்த்தேன், வரவில்லை. "வலிக்குதாக்கா?" என்றேன். "வலிக்கவே இல்லட்டி" என்றாள். வலிக்காதது எவ்வளவு கெட்ட செய்தி என்று எனக்குத் தெரியும்.

தீபாவளி முடிந்து வில்லிபுத்தூர் திரும்பி ஒரு வாரம் இருக்கும். மாமியாரும் நானும் கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். அவள் நல்ல மனுஷி. என்னைக் கடிந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. தண்டைக் கிள்ளிக்கொண்டே, மழை வருமா என்று கேட்கிற குரலில் கேட்டாள்.

"ஒங்க அக்காளுக்கு விரல் இப்பம் கொஞ்சமாச்சும் மடங்குதா?"

எனக்குக் கை நின்றுவிட்டது. "வெந்நிப் புண்ணு ஆறிருச்சு அத்தை" என்றேன்.

"அட, என்கிட்ட என்னத்துக்குட்டி மறைக்க? நர்சிங் ஹோம்ல டாக்டர் ஊசி போடும்போது கூட நிக்கிற நர்சுப் பிள்ளை நம்ம மாடியிலதான் குடியிருந்துச்சு. ஒன் கல்யாணத்துக்கு முன்னதான் அது சொந்த ஊருக்குப் போச்சு. தரகர் ஜாதகம் கொண்டாந்த அன்னைக்கே எல்லாஞ் சொல்லிருச்சு. மெஷின்ல அறுத்துக்கிட்டது, விரல் ஒட்டிக்கிட்டது, எல்லாம். கூட ஒரு தங்கச்சி வரும், கெட்டிக்காரி, டாக்டரே மெச்சுவாருன்னு சொல்லுச்சு. ஒன்னியப் பாக்கத்தானே நாங்க வந்ததே."

அவள் கீரைத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"மூத்தது கட்டோட உக்காந்திருந்ததப் பாக்கப் பாவமாத்தான் இருந்துச்சு. சொன்னா ஒங்கப்பா சங்கடப்படுவாரேன்னு நாங்களும் தெரியாத மாதிரியே இருந்துட்டோம். அந்த டாக்டர், பாவம், ஒங்க அக்காளுக்குன்னு மூணு வியாழக்கிழம மருந்த ஐஸ்ல வச்சுக் கொண்டாந்து, கொண்டாந்து திருப்பிக் கொண்டுபோனாராம். நீங்க ஏன் ரெண்டோட நிறுத்திட்டிய?"

ஏன் நிறுத்தினோம். யாருக்குத் தெரியக்கூடாது என்று நிறுத்தினோமோ அவளே என்னைக் கேட்கிறாள். ஒருத்தர் கண்ணைக்கூட மறைக்காத துணியை மாதக்கணக்கில் சுற்றி வைத்திருந்தோம். அந்தத் துணி செய்த ஒரே வேலை என் அக்காவின் இரண்டு விரலைக் கெடுத்ததுதான்.

அந்த வியாழக்கிழமையே அக்காவை ராஜபாளையத்திலிருந்து வரச்சொல்லி, டாக்டரிடம் கூட்டிப்போனேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. டாக்டர் எங்களை மறக்கவில்லை. கட்டைப் பார்த்ததுமே அவர் முகம் மாறிவிட்டது. கத்தரிக்கோலால் வெட்டி எறிந்தார். விரலைப் பிடித்தார், விட்டார். பழைய சீட்டைத் தேடி எடுத்து, ஸ்கேலை வைத்து அளந்தார். அளந்ததை அதில் எழுதவில்லை.

"இப்ப ஊசிக்கு வேலை இல்லம்மா" என்று அக்காவிடம் சொன்னார். "மதுரையில ஆபரேஷன் பண்ணி அறுத்து விட்டுப் பார்க்கலாம். மூட்டும் இறுகிப்போச்சு. பழையபடி வரும்னு என்னால சொல்ல முடியாது." பிறகு என்னைப் பார்த்தார். "உங்ககிட்டதானே ரெண்டு தடவை சொன்னேன்" என்றார். குரலை உயர்த்தவே இல்லை.

அக்கா அவரைக் கும்பிட்டாள். இரண்டு கையும் ஒன்றாகச் சேரவில்லை, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நின்றன.

வெளியே வந்தோம். நல்ல வெயில். பால்கோவாக் கடைகளில் கூட்டம். பஸ் ஸ்டாண்டுக்கு என் புகுந்த வீட்டுத் தெருவைத் தாண்டித்தான் போக வேண்டும். தெருமுனையில் அக்கா நின்றுவிட்டாள். வெகுநாளைக்குப் பிறகு காற்றுப் பட்ட அந்தக் கையைச் சேலை மடிப்புக்குள் நுழைக்கப் பார்த்தாள். கொக்கி விரல் துணியில் மாட்டிக்கொண்டது. நான் எடுத்துவிட்டேன்.

"கட்ட வேற வெட்டிட்டாரு" என்றாள். "ஒங்க அத்தை வாசல்ல நின்னா என்னட்டி செய்ய? பாத்துட்டா ஒனக்குல்ல பிரச்சினை."

அப்போது சொல்லியிருக்கலாம். அவர்களுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும், நீ மறைக்க வேண்டியதே இல்லை, ஒருநாளும் இருந்ததில்லை என்று. சொன்னால் அடுத்து அவள் என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும். அப்படியென்றால் என் விரல் எதற்குப் போச்சு என்று கேட்பாள்.

"முந்தானையை நல்லா இழுத்து மூடிக்கோக்கா" என்றேன்.